திட்டுவதற்கு ஓர் அப்பா

பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு ஏகாம்பரம் தன் சொந்த மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை இடுப்பில், ஒரு கை காதோரம். கூத்துக் களத்தில் விடிய விடிய நிற்கிற அதே நிலை.

"பராக், பராக். வல்லம் நாட்டு மகாராணி வர்றாங்கோ. பந்தை எடுத்து அடிச்சா ஏரியத் தாண்டும், ஏரிக்கரையத் தாண்டும். பாவம், எதிர்ல கீற வலையத்தான் தாண்டாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செங்கல் சூளையிலிருந்து திரும்புகிறவர்கள், மாட்டு வண்டியை ஓரம் கட்டியவர்கள், ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்காக நின்று, பஸ்ஸை விட்டுவிட்டு வந்தவர்கள். வாலிபால் மைதானத்தின் பின்கோட்டில் பந்தோடு நின்ற பூங்காவனம் சிரிக்கவில்லை. தன் வலது உள்ளங்கையை ஒரு தரம் பார்த்தாள். பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தாள். அது வலையின் வயிற்றில் மோதிக் கீழே உருண்டது.

"பாத்தீங்களா, நான் பொய் சொல்லல" என்றார் அப்பா.

கூட்டம் இன்னும் சிரித்தது. பூங்காவனத்தின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. மாடி ஜன்னலில் எங்கள் தலைமை ஆசிரியை மதர் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

பெற்ற மகளைத் திட்ட ஒருவரை டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்த டீச்சர் நீங்கள்தானா என்று இன்றும் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நான்தான். இன்னொரு தரம் அந்த நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதிலுக்குள்ளே ஓர் அணி

நான் தெற்கே, திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்துக்காரி. எழுபதுகளில் ஒரு ஜூன் மாதம், ஒரு டிரங்குப் பெட்டியோடும் கழுத்தில் ஒரு விசிலோடும் மண்ணூருக்கு அருகே இருந்த அந்தக் கான்வென்ட் உயர்நிலைப் பள்ளிக்கு பி.டி. டீச்சராக வந்து இறங்கினேன். நான் "ஏட்டி" என்று கூப்பிட்டால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் "பந்து அங்க கீது டீச்சர்" என்றால் நான் சிரிப்பேன். காலாண்டுப் பரீட்சைக்குள் சமாதானமாகிவிட்டோம்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. அதை ஒட்டி ஒரு சாலை. நான் வருவதற்கு முன்பு எவனோ ஒருவன் சைக்கிளை நிறுத்தி, கோகோ ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து விசில் அடித்திருக்கிறான். மறுநாளே மதர் கொத்தனாரை வரவழைத்து மதிலை ஒரு முழம் உயர்த்திவிட்டார். நான் வந்து வாலிபால் வலை கட்டியதும், துள்ளி எழும்பும் பிள்ளைகளின் தலை வெளியே தெரிகிறது என்று அதே கொத்தனார் மறுபடியும் வந்தார். இன்னொரு முழம் ஏறியது. சாயங்காலம் நான்கு மணிக்கே மைதானத்தில் பாதி நிழலாகிவிடும்.

மதரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கெல்லாம் நடந்தே போய், "என் பொறுப்பு" என்று சொல்லிக் கூட்டிவந்தவர் அவர். அந்தச் சொல்லைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி மதில்தான்.

அந்த மதிலுக்குள் என் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு நிமிரும். தாவணியைக் குறுக்கே இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் விழுந்து புரண்டு பந்தை எடுப்பார்கள். கேப்டன் ஆரோக்கியமேரி, பிள்ளைப்பாக்கத்துக்காரி, பந்தைத் தூக்கிக் கொடுத்தால் பூஜைத் தட்டை நீட்டுவது போல் அளவாக வரும். பூங்காவனம் வல்லத்திலிருந்து வருகிறவள். அவள் சர்வீஸ் போட்டால் பந்து தலைக்கு மேலிருந்து கிளம்பி, வலையை உரசாமல் தாண்டி, அதன் பிறகு சட்டென்று இறங்கும். அந்த நாளில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேயிருந்துதான் தட்டிவிடுவார்கள். படப்பையிலிருந்து வந்த அணி எங்கள் மதிலுக்குள் ஆடிவிட்டு வாயடைத்துப் போய்த் திரும்பியது.

பிறகு காஞ்சிபுரத்தில் மாவட்டப் போட்டி. அங்கே மதில் இல்லை. மைதானத்தைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக ஜனம். என் பிள்ளைகளை அதுவரை ஆடவந்த அணிகளும் காக்காயும் தோட்டக்காரரும் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. பூங்காவனம் பந்தை வாங்கிக்கொண்டு கோட்டுக்குப் போனாள். உள்ளங்கையைப் பார்த்தாள். பந்து வலையில். அடுத்தது வெளியே. அதற்கடுத்தது மறுபடியும் வலையில். ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறிவிட்டோம்.

அடுத்த வருஷமும் அதே கதை.

அப்போதுதான் பள்ளிக்கு யாரோ புண்ணியவான் தையல் மிஷின்களை நன்கொடையாக அனுப்பியிருந்தார். மிஷின் வந்துவிட்டது, சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை. மதர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "டீச்சர், பிள்ளைங்க தோத்துட்டு அழுதுகிட்டே வர்றத நான் ரெண்டு வருஷமா பாக்குறேன். இந்த வருஷமும் தோத்தா வலையக் கழட்டிடலாம். பி.டி. பீரியடத் தையலுக்குக் குடுத்துடலாம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

தையலை நான் குறை சொல்லவில்லை. என் ரவிக்கைக்கு ஊக்கு நானே தைத்துக்கொள்வேன். ஆனால் வலையைக் கழற்றினால் பூங்காவனம் என்னும் பெண் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் வாழ்நாள் முழுக்க அரிசி புடைப்பாள்.

மதிய வகுப்பில் அரைத் தூக்கத்தில் கேட்டது

சென்னையில் நான் உடற்கல்விப் பயிற்சி படித்தபோது மனோதத்துவத்துக்கென்று ஒரு விரிவுரையாளர் வருவார். சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. காலையெல்லாம் ஓடிக் களைத்த நாங்கள் மின்விசிறிக்குக் கீழே தலை ஆட்டிக்கொண்டிருப்போம். அவர் யாரையும் எழுப்ப மாட்டார். வெளிநாட்டு ஆராய்ச்சிகளைப் பற்றித் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல் சொல்லிக்கொண்டே போவார். அரைத் தூக்கத்தில் என் காதில் விழுந்து தங்கியவை சில உண்டு.

நன்றாகப் பழகிய வேலையை நாலு பேர் பார்க்கச் செய்தால் இன்னும் நன்றாக வரும், அரைகுறையாகப் பழகியது நாலு பேர் பார்த்தால் கெட்டுப்போகும் என்றார். அதனால் ஆட்டத்தைப் பழக்கினால் போதாது, பார்க்கப்படுவதையும் சேர்த்துப் பழக்க வேண்டும் என்றார். இன்னொரு நாள், தேர்ந்த கை தானாக வேலை செய்யும், அதன் சொந்தக்காரனே அதை உற்றுப் பார்க்க ஆரம்பித்தால் தடுமாறும் என்றார். படி இறங்கும்போது கால் எப்படி மடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள், விழுவீர்கள் என்றார். விடுதிக்குப் போய் இறங்கிப் பார்த்தேன். விழவில்லை, ஆனால் ஒரு படியில் தயங்கினேன்.

பதற்றம் உப்பு மாதிரி என்றும் சொன்னார். இல்லாவிட்டால் ருசி இல்லை, கூடிப்போனால் வாயில் வைக்க முடியாது. எவ்வளவு உப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்தக் கடைசி வாக்கியத்தின்போது நான் தூங்கியிருக்க வேண்டும்.

ஏனென்றால் மதர் கெடு வைத்ததும் நான் செய்த முதல் காரியம் மொத்த அணிக்கும் உப்பை எடுத்ததுதான். ஒரகடத்திலிருந்து ஓர் அணி சிநேக ஆட்டத்துக்கு வந்திருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் என் பிள்ளைகளை வேப்ப மரத்தடியில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். "கால் விரல் தளருது, முட்டி தளருது, தோள் தளருது" என்று கோயில் பூசாரி மாதிரி ராகம் போட்டுச் சொன்னேன். நல்ல காற்று. வேப்பம்பூ வாசனை. சற்று நேரத்தில் தெரசா என்கிற பெண்ணிடமிருந்து குறட்டை வந்தது.

எழுப்பி ஆடவிட்டேன். பந்து வருவதைப் பார்த்து, அது போவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் மதிலுக்குள் நாங்கள் தோற்றது அதுதான் முதல் தடவை.

ஆரோக்கியமேரி என்னிடம் வந்தாள். அவளுக்கு மரியாதையும் உண்டு, வாயும் உண்டு.

"டீச்சர், எனக்கு பயம் வந்தாத்தான் ஆட்டமே வருது. இருந்த பயத்தையும் நீங்க எடுத்துட்டீங்க."

அதன்பின் ஒரு வாரம் நான் விசிலே ஊதவில்லை. ஒவ்வொருத்தியையும் உட்கார்ந்து பார்த்தேன். ஆரோக்கியமேரிக்குச் சூடு வேண்டும், உசுப்பிவிட்டால்தான் ஏறுவாள். தெரசாவை எதுவும் அசைக்காது. பூங்காவனம் மட்டும் வேறு. யாருமே இல்லாதபோது அவள் கண் எதிர்ப்பக்கத்து மூலையில் இருக்கும். மாடியில் ஒரு சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தால் போதும், கண் உள்ளங்கைக்கு வந்துவிடும். கைக்கு வந்ததும் பந்து வலைக்குப் போய்விடும். விரிவுரையாளர் சொன்னதை அவள் தினமும் எனக்கு நடத்திக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பின்கதவு திறந்தது

நான் மதரிடம் போய் மைதானத்தின் பின்கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்றேன். ஊர் ஜனம் வந்து பார்க்கட்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு தடவை மதில் ஏற்றியவளிடம் வந்து கதவைத் திற என்கிறாயே என்று கேட்டார். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "மதர், காஞ்சிபுரத்துல சுவர் இல்ல."

மதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, போட்டி முடிகிற வரைக்கும்தான், நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றார்.

கதவைத் திறந்த முதல் நாள் வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே. எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு கூச்சமோ அவ்வளவு கூச்சம் அவர்களுக்கும். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றார்கள். அதற்கே பிள்ளைகள் பந்தை எல்லாத் திசையிலும் அடித்தார்கள். நாள் போகப் போகக் கூட்டத்துக்கு வாய் வந்தது, பிள்ளைகளுக்குக் கை வந்தது. பூங்காவனமும் பாதி தேறினாள்.

ஆனால் நம் ஊர் ஜனம் நம் பிள்ளைகளைப் பாராட்டத்தானே செய்யும். காஞ்சிபுரத்தில் பாராட்ட யார் இருக்கிறார்கள்? திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று பிள்ளைகளிடமே சொன்னேன். ஆரோக்கியமேரி ஓரக்கண்ணால் பூங்காவனத்தைப் பார்த்துவிட்டு, "இவ அப்பாவைக் கூப்பிடுங்க டீச்சர். அவர் வாய்க்கு ராஜாவே தப்ப மாட்டார்" என்றாள். பூங்காவனம் அவளைக் கிள்ளினாள்.

ஏகாம்பரம் தெருக்கூத்தில் கட்டியங்காரன். ராஜா களத்துக்கு வரும்போது "பராக்" சொல்லி அறிவிக்கிறவன் அவன்தான். அறிவித்த மறு நிமிடம் அந்த ராஜாவையே கிண்டல் செய்கிறவனும் அவன்தான். கோடையில் அந்தப் பக்கத்து ஊர்களில் எங்கே கூத்து நடந்தாலும் ஏகாம்பரம் இருப்பார். ஒரு தடவை வல்லத்தில் நானே பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரிய மனிதரின் மீசையைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்கு, அந்த மனிதரே தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

வீட்டுக்குப் போனபோது அவர் பகல் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க. வேஷம் கட்னா எமனையும் திட்டுவேன். பெத்த பொண்ண நாலு பேர் எதிர்ல எப்டி திட்றது?"

நான் மனோதத்துவம், ஆராய்ச்சி, கவனம் என்று என்னென்னவோ சொன்னேன். மனிதர் அசையவில்லை. உள்ளே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"தாய்க் கண்ணே பேய்க் கண்ணும்பாங்க. இந்த ஆளு ஒருநாளும் அவள நல்லா கீறேன்னு சொன்னதில்ல. வூட்டாண்ட திட்றத அங்க வந்து திட்டட்டுமே. அவளுக்குத் திருஷ்டியாவது கழியும்."

ஏகாம்பரம் யோசித்தார். அந்த வீட்டில் பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும், திட்டினால் அது காவல். என் ஆராய்ச்சி தட்டித் திறக்காத கதவு இந்த வார்த்தைக்குத் திறந்துவிட்டது. இருந்தால் இருக்கட்டும், கதவு திறந்தால் சரி. வரும்போது அந்த அம்மாவிடம் ஒரு முறத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அழுத மறுநாள்

அப்படித்தான் அந்தப் பெஞ்சும், அந்தப் பராக்கும், அந்தக் கண்ணீரும்.

அன்று ஆட்டம் முடிவதற்கு முன்பே பூங்காவனம் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் முன்னே, அப்பா பின்னே, வரப்பு நெடுகப் போனதை நான் கதவருகில் நின்று பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது, மறைப்பானேன். அவள் நாளைக்கு வராவிட்டால் அணியும் இல்லை, வலையும் இல்லை.

மறுநாள் அவள் வந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"வூட்ல கேட்டேன் டீச்சர். இன்னாத்துக்கு அப்டி திட்னேன்னு. நீ ஆடுறத இப்பதான் பாத்தேன், அவ்ளோ நல்லா கீது, சொன்னா கண்ணு பட்டுடும், அதான் திட்னேன்னாரு."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் எதிர்ப்பக்கத்து மூலையில் அவள் அம்மாவின் முறத்தை வைத்தேன். "கையப் பாக்காத பிள்ளே. கை அது வேலையப் பாத்துக்கும். நீ முறத்தப் பாரு" என்றேன். பெஞ்சின் மேலே ஏறிய அப்பா முறத்தைப் பார்த்துவிட்டார். விடுவாரா?

"பராக், பராக். மகாராணி முறத்தோட வந்து கீறாங்கோ. அரமணைல சோத்துக்கு அரிசி இல்லியாம், பந்தப் பொடச்சி ஒல வெக்கப் போறாங்கோ."

பூங்காவனம் களுக்கென்று சிரித்தாள். சிரித்த வாயோடு அடித்தாள். பந்து வலையைத் தாண்டி இறங்கி முறத்தின் நடுவில் 'தப்' என்று விழுந்தது. முறம் ஒரு சுற்றுச் சுற்றியது. அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அன்றைக்கெல்லாம் அந்தச் சத்தத்துக்காகவே அடித்துக்கொண்டிருந்தாள்.

திட்டு அவளுக்குப் பழகியது என்று சொல்வது போதாது. அப்பாவின் குரல் கேட்டாலே அவள் தோள் இறங்கி இலகுவாகும், கண் மூலைக்குப் போகும். வேப்ப மரத்தடியில் பாய் விரித்து நான் கொண்டுவரப் பார்த்தது அவளுக்கு இப்படித்தான் வந்தது. மற்றவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆரோக்கியமேரியைத் திட்டினால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரட்டிப்பாக ஆடுவாள். தெரசாவை எவ்வளவு திட்டினாலும் அவள் கொட்டாவி விட்டாள்.

ஒரு நாள் மதர் கூப்பிட்டு அனுப்பினார். நேற்று அந்த மனிதர் ஜன்னலைக் காட்டி என்னைப் பற்றி ஏதோ சொன்னாராமே, என்ன அது என்று கேட்டார். சொல்லாமல் தப்பிக்க வழி இல்லை. "மேல பாருங்கோ, மகாராணிக்கு வாய்ச்ச மாமியார் காவல் நிக்குது" என்றார் என்று சொன்னேன். மதர் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருக்கு இருமல் வந்தது. இருமல் இல்லை அது, எனக்குத் தெரியும்.

காஞ்சிபுரம்

போட்டிக்கு அந்தத் தடவை மதரும் வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார். ஏகாம்பரத்தால் வர முடியவில்லை. முதல் நாள் இரவு உத்திரமேரூர் பக்கம் கூத்து. அவரில்லாமலே ஆடிப் பழகட்டும், நல்லதுதான் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆட்டம் ஆட்டமாக வென்று இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரே உள்ளூர்ப் பள்ளி. அவர்கள் பையன்கள் பிஸ்கட் டின்களைக் கொண்டுவந்து கோட்டோரம் உட்கார்ந்து அடித்தார்கள். எங்கள் நடையை, தாவணியை, பேச்சை, எல்லாவற்றையும் கேலி செய்தார்கள். ஆரோக்கியமேரி என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ்ளோதானா டீச்சர்?" என்றாள். அவர்களில் ஒருவனுக்கும் கட்டியங்காரனின் கால் தூசிக்குச் சமமான வாய் இல்லை. முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது அவர்களுக்கு.

மூன்றாவது செட் இழுபறியாகப் போய், கடைசியில் எங்களுக்கு ஒரே ஒரு புள்ளி மிச்சம். எடுத்தால் கோப்பை. சர்வீஸ் பூங்காவனத்துடையது. பந்து கூட்டத்துக்குள் உருண்டு போயிருந்தது. அதை எடுத்துவர யாரோ போனார்கள். அந்த இடைவெளியில், யாரும் சொல்லாமலே டின் சத்தம் நின்றது. கேலி நின்றது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பார்த்தார்கள்.

சத்தத்துக்கு நான் பழக்கியிருந்தேன். அமைதிக்குப் பழக்கவில்லை.

பந்து அவள் கைக்கு வந்தது. அவள் தலை மெதுவாகக் குனிந்தது. உள்ளங்கையைப் பார்த்தாள்.

நான் கத்த வாயைத் திறந்தேன்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. இரவெல்லாம் பாடிக் கம்மிப்போன குரல்.

"பராக், பராக். வல்லம் நாட்டு மகாராணி கைரேக பாக்கறாங்கோ. வலையத் தாண்டுற யோகம் இந்த ஜென்மத்துல கீதான்னு தேடறாங்கோ."

கூட்டம் குபீரென்று சிரித்தது. பூங்காவனம் தலையை நிமிர்த்தினாள். அவளும் சிரித்தாள், பல் தெரிய. ரெஃபரி விசில் ஊதினார். அவள் கண் எதிர்மூலைக்குப் போனதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. காஞ்சிபுரத்து மண்ணில் முறம் ஏதும் இல்லை, ஆனாலும் 'தப்' என்று எனக்குக் கேட்டது.

ஜெயித்தோம். தெரசாகூட ஓடினாள். ஆரோக்கியமேரி மண்டி போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் விசிலை எடுத்து, காரணமே இல்லாமல், மூச்சு தீருகிற வரைக்கும் ஊதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஊதிய விசில் வேறு இல்லை.

ஊதி முடித்துத் திரும்பினால் கூட்டத்தில் ஒரே தள்ளுமுள்ளு. ஒரு போலீஸ்காரர் ஏகாம்பரத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பொம்பளப் பிள்ளையைப் பொது இடத்தில் கிண்டல் செய்கிறாயா என்று கேட்டார். எங்கிருந்தோ வந்தவன் நம் ஊர் மானத்தை வாங்குகிறான் என்று உள்ளூர்க்காரர் இரண்டு பேர் வேறு கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஏகாம்பரத்தின் காதோரத்தில் நேற்றைய அரிதாரம் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. கூத்து முடிந்ததும் முகத்தை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்.

பூங்காவனம் கோட்டைத் தாண்டி ஓடினாள். "அவரு எங்கப்பா சார்" என்றாள்.

போலீஸ்காரர் நம்பவில்லை. பெற்ற அப்பனா இப்படிப் பேசுவான் என்று கேட்டார்.

"ஆமா சார். எங்க டீச்சர்தான் திட்டச் சொன்னாங்க."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. மனோதத்துவத்தை எங்கிருந்து ஆரம்பித்து அந்த மனிதருக்கு விளக்குவது என்று நான் யோசிப்பதற்குள், கறுப்புக் குடை எனக்கு முன்னால் நடந்து போனது. வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் ஜனம் தானாக வழிவிட்டது.

"அவர விடுங்க" என்றார் மதர். "அவர் எங்க ஸ்கூல் ஆளு. நாங்கதான் கூட்டிட்டு வந்தோம்."

நாங்கள் கூட்டிவரவில்லை. அவராகத்தான் வந்தார். மதர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான். போலீஸ்காரர் கையை எடுத்தார். ஏகாம்பரம் கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, மகளை ஏற இறங்கப் பார்த்து, "தாவணியெல்லாம் ஒரே மண்ணு, பாக்க சகிக்கல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் குனிந்து, கையிலிருந்த மண்ணை அவர் சட்டையிலேயே துடைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் மதர் அந்தக் கொத்தனாருக்கு மறுபடியும் ஆள் அனுப்பினார். ஏணியோடு வந்தவர் மதிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை முழம் ஏற்றணும் மதர் என்று கேட்டார்.

"ஏத்தினது போதும்" என்றார் மதர். "இறக்குங்க."